சிறு வண்டியும் சாற்றுகவியும்

19ஆம் நூற்றாண்டில் நூலியற்றிய புலவர்கள், தம் நூலை அச்சிற்கு அனுப்புமுன், நண்பராகிய பிற புலவரிடம் சென்று சாற்றுகவி பெற்று வருதல் வழக்கமாயிருந்தது. அக்காலத்து நூல்கள் சிலவற்றைத் திறப்போமாயின், நம்மை முதற்கண் எதிர்கொள்வன அச்சாற்றுகவிகளே. அவற்றுள் நூலாசிரியர் கம்பனாவார். நூல் கடலாகும், கனியாகும், அமுதமாகும். நூலுள் யாது கூறப்பட்டது என்பது மட்டும் பெரும்பாலும் அவற்றுள் இராது. பாடினவர் நூலைப் படித்தாரோ என்பதும் ஐயத்திற்கிடமே. இவ்வழக்கம் அருகிவிட்டது என்று நம்மவர் கூறுவர். அஃது அருகவில்லை, இடம் பெயர்ந்துளது என்பது என் கருத்து. அது குடிபுகுந்த இடங்களுள் ஒன்று, சிறு விளையாட்டு மோட்டார் வண்டிகளுக்கென விற்கப்படும் துணையுறுப்புகளைப் பற்றி, அவற்றை வாங்கிப் பூட்டியவர்கள் எழுதும் மதிப்புரையாகும். வேறுபாடு ஒன்றே உண்டு. பண்டு ஒருவர்க்கு மற்றொருவர் பாடினார். இன்று வாங்கியவர் தமக்குத் தாமே பாடிக்கொள்கிறார்.

"மோட்டார் வண்டியே இல்லாத மாணாக்கன் நீ, இதுபற்றி எழுத உனக்கு யாது உரிமை?" என்று விடுதி நண்பரொருவர் வினவினார். வினா நேரியதே. எனக்குரியது ஒரு மிதிவண்டி; அதிலுள்ள மணியும் எனக்குமுன் அதனை வைத்திருந்தவர் பூட்டியது. ஆயினும் மதிப்புரை என்பது எழுத்து. எழுதியவர் எதனைக் கண்டார், எதனைக் காணாது கூறினார், எதனை அறிந்தும் விடுத்தார் என ஆராய்தலே தமிழ்ச் சிறப்பு வகுப்பில் எமக்குப் பயிற்றப்படுவது. அப்பயிற்சியை ஓர் இயந்திரத்தின்பாற் செலுத்திப் பார்ப்பதில் குற்றமில்லை என்றே கருதுகிறேன்.

எல்லா வண்டிகளையும் ஒருங்கு பேசப் புகின் பேச்சு பரந்துபடும். ஆதலின் ஒன்றனையே எடுத்துக்கொள்வேன். அது ஜப்பான் நாட்டு ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனியார் செய்வது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வெளிப்பட்டது. அமெரிக்கர் அதனை மியாட்டா என்பர்; ஜப்பானியர் அந்நாளில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றனர்; ஏனையோர்க்கு அஃது எம்.எக்ஸ். 5. இருவர் மட்டும் அமரத்தக்கது, துணிக்கூரையுடையது, எஞ்சின் முன்னும் உந்துசக்கரம் பின்னும் அமைந்தது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வகையிற் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையினின்று வெளிவந்தது. இருவர் அமரும் திறந்த வண்டியொன்று இத்துணைப் பெருந்தொகையாய்ச் செய்யப்பட்டமை வேறெங்கும் இல்லை. வண்டி பல்கவே, அதற்கென உறுப்புச் செய்து விற்போரும் பல்கினர். உறுப்புப் பல்கவே மதிப்புரையும் பல்கிற்று.

இவ்வண்டி தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறினாலன்றி என் வழக்கு விளங்காது. 1950, 60களில் இங்கிலாந்து தேயத்தார் சிறிய திறந்த வண்டிகள் பல செய்தனர். எம்.ஜி., டிரையம்ப், லோட்டஸ் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. அவை காண இனியன, ஓட்ட இனியன. மழையில் ஒழுகுவன, குளிர்காலத்தில் உயிர்த்தெழ மறுப்பன. 1980இல் எம்.ஜி. பி என்னும் வண்டியின் உற்பத்தி நின்றது; அவ்வினமே ஏறக்குறைய மாய்ந்தது. அத்தகைய எளிய வண்டியொன்றை மீளச் செய்தல் வேண்டும் என்று பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் பெரும்பொறியாளராகிய கெனிச்சி யமமோட்டோவினிடம் கூறினார் என்பது வரலாறு. பின்னர், தோஷிஹிகோ ஹிராய் என்பவரின் தலைமையில் அவ்வண்டி உருப்பெற்றது. அவர் தம் குழுவினர்க்கு முன் வைத்த குறிக்கோள் 'ஜின்பா இத்தாய்' என்னும் ஜப்பானியத் தொடராகும். குதிரையும் அதன்மேல் ஏறியவனும் ஓருடலாதல் என்பது அதன் பொருள். குதிரைமறம் எனப் புறத்திணையில் ஒரு துறையே கண்ட நமக்கு இஃது அயலான கருத்தன்று.

இக்குறிக்கோளை அவர்கள் சொல்லளவில் நிறுத்தவில்லை. எஞ்சினை மூடும் பானெட்டை எஃகாற் செய்யாது அலுமினியத்தாற் செய்தனர். பாட்டரியை எஞ்சினருகே வையாது பின்னுள்ள பெட்டியறையில் வைத்தனர். முன்பாரமும் பின்பாரமும் ஒத்திருத்தற்பொருட்டே அவ்வாறு செய்தனர். கியர்ப்பெட்டியையும் பின்னச்சின் டிபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தாற் பிணைத்து, காலால் மிதித்த அளவிலே பின்சக்கரம் ஏவல் கேட்கச் செய்தனர். புகைக்குழாயின் ஒலியையும் செவியாற் கேட்டுக் கேட்டுத் திருத்தினர். சக்கரம் 14 அங்குலமே. எஞ்சின் 1.6 லிட்டர், அதன் ஆற்றல் 120 குதிரைத்திறத்தை எட்டுவது. இவையெல்லாம் சேர்ந்தும் ஜப்பானில் விற்ற எளிய வகையின் எடை 940 கிலோவே. இவ்வண்டியின் சிறப்பு முழுதும் இவ்வெண்ணில் அடங்கியுளது எனினும் மிகையாகாது.

இனி, இத்தகைய வண்டியை வாங்கியவர் முதல்வாரத்தில் யாது செய்கிறார்? அதன்மேல் எதனையேனும் பூட்டுகிறார்.

மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு இறும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் உவமை கூறினார். அரசர்க்குக் கூறிய அவ்வுவமையை உள்ளவாறே வண்டிக்கு எடுத்துக்கொள்ளும் பேறு எனக்கு வாய்த்தது. வன்கூரை ஒன்றை எடுத்துக்கொள்க. துணிக்கூரைக்கு மேலாகப் பனிக்காலத்தில் பொருத்துவது அது. எடை ஏறத்தாழ 20 கிலோ. குளிர்நாட்டில் அதனாற் பயனுண்டு, மறுக்கவில்லை. எனினும் 940இல் 20 என்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல். அவ்வெடையும் வண்டியின் உச்சியில் ஏறுகிறது. வளைவில் சாய்விப்பது உச்சியில் ஏறிய எடையே. இதன் மதிப்புரைகளில் அதன் நிறம் உடலின் நிறத்தோடு ஒத்ததா, கண்ணாடி தெளிந்ததா என்பவற்றை விரிவாகக் காண்கிறோம். எடையைக் கூறினார் சிலர். பூட்டியபின் வளைவில் வண்டி எங்ஙனம் நடந்தது என்று கூறினார் மிகச் சிலர். எடையின்மையே உயிராகக் கொண்ட வண்டிக்கு ஒன்றைச் சேர்க்கும்போது, அதன் எடை எத்துணை, யாண்டு ஏறுகிறது என்பதனை முதல் வாக்கியமாக எழுதவேண்டாவோ?

ஆயினும் எடையைக் கூறாமை சிறு குற்றமே. இதனினும் பெரியதொரு குற்றம் உண்டு. அதனை விளக்கவே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன்.

கியர் மாற்றும் தண்டைக் குறுக்குதல் இவ்வண்டியாளர் பலரும் விரும்பும் மாற்றங்களுள் ஒன்று. தண்டின் ஊன்றுமிடத்தை மாற்றியமைத்தால் கை அசையும் தொலைவு குறையும். நெம்புகோலின் விதியை அறிந்தார்க்கு இதன் மறுபக்கமும் தெரியும்: தொலைவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் கை தரவேண்டிய விசை ஒன்றரை மடங்காகும். இருக்கட்டும். இம்மாற்றத்தைச் செய்தவர் எழுதுவது யாது? "பழைய தண்டு கூழைக் கிண்டுவது போன்றிருந்தது, புதியது துப்பாக்கித் தாழ் போற் சொடுக்கென விழுகிறது" என்பதே பெரும்பாலும் அவர் உரை.

அவர் பொய் கூறவில்லை. அவர் கை உணர்ந்தது அதுவே. ஆனால் அவர் செய்த வேலையை உடனிருந்து பார்ப்போம். பழைய தண்டைக் கழற்றுகிறார். அதனடியில் ரப்பராலாகிய உறையொன்று உண்டு. முதற் பதிப்பு வண்டிகளிலும் 1998இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் காலப்போக்கில் அவ்வுறை கிழிதல் இயல்பு. அது கிழிந்தால் கீழுள்ள வெம்மையும் இரைச்சலும் உள்ளே ஏறும். தண்டு அமரும் குழியில் தனியே சிறிது எண்ணெய் உண்டு. அது பல ஆண்டுகளில் வற்றியோ கருகியோ போயிருக்கும். தண்டின் நுனியில் நைலான் புஷ் ஒன்று உண்டு; அது தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். நம்மவர் புதிய உறை இடுகிறார். புதிய எண்ணெய் வார்க்கிறார். புதிய புஷ் வைக்கிறார். அதன்பின் விலைகொடுத்து வாங்கிய குறுந்தண்டைப் பூட்டுகிறார். கியர் இனிதாக விழுகிறது. புகழ் முழுதும் குறுந்தண்டைச் சேர்கிறது! உறையும் புஷ்ஷும் எண்ணெயும் மட்டும் மாற்றிப் பழைய தண்டையே வைத்திருந்தால் எவ்வளவு இனிதாக விழுந்திருக்கும் என்று அவர் அறியார். அறிதற்குரிய வழியைத் தம் கையாலேயே அடைத்துவிட்டார்.

ஸ்பிரிங் மாற்றுவோர் நிலையும் இதுவே. வண்டியைத் தாழ்த்தும் பொருட்டுக் குட்டையான ஸ்பிரிங்குகளை வாங்குகிறார். அவற்றைப் பூட்டும்போது முப்பதாண்டுப் பழைமையான ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுகிறார். ரப்பர் புஷ்களையும் மாற்றுகிறார். இறுதியிற் பட்டறைக்குச் சென்று சக்கரங்களின் கோணத்தை அளந்து நேர்செய்துகொள்கிறார். இவ்வண்டியின் நான்கு சக்கரங்களும் மேலும் கீழும் இரட்டைக் கைகளால் தாங்கப்படுவன. அவற்றின் கோணம் சிறிது பிறழினும் ஓட்டத்தில் தெரியும். நேர்செய்த அன்று வண்டி புதுமணப்பெண் போல் நடக்கிறது. 'தாழ்த்தியதன் பயன்' என்று எழுதுகிறார். தாழ்த்தியதன் உண்மைப் பயனோ வேறு. சக்கரம் மேலெழுதற்குரிய இடம் குறைகிறது. சாலையிற் பள்ளம் நேர்ந்தவிடத்து, ஸ்பிரிங் முழுதும் அமுங்கி ரப்பர்த் தடையிற் சென்று முட்டுகிறது. நேர்வழியில் இஃது இடுப்புக்கு நோவு. வளைவின் நடுவே நேர்ந்தாலோ, இதுவரை பற்றி நின்ற டயர் திடீரெனப் பற்றுவிடும். இவ்விரண்டாம் செய்தி பூட்டிய நாளில் தெரியாது. முதல் மழையில், முதற் பள்ளத்தில் தெரியும். மதிப்புரையோ பூட்டிய நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே யான் கூறுவது இது: பழுதுபார்த்ததன் பயனைப் பூட்டிய பொருள் கவர்ந்துகொள்கிறது. பழைய வண்டியின் தேய்ந்த உறுப்பையும் கடையிலிருந்து வந்த புதிய உறுப்பையும் ஒப்பிடுதல் ஒப்பீடன்று. ஒப்பிடவேண்டியது கம்பெனியார் செய்த அதே உறுப்பின் புதிய படியோடு. முதியவர் ஒருவரைக் காளையொருவனோடு ஓடவிட்டு, காளையணிந்த செருப்பே வென்றது என்பார் உண்டோ? மதிப்புரைகளிற் பெரும்பாலானவை அச்செருப்பைத்தான் புகழ்கின்றன.

செவி செய்யும் மயக்கம் வேறொருவகை. எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் வழியிலுள்ள பெட்டியை நீக்கிவிட்டு, கூம்பு வடிவான வடிகட்டியை வெறுமனே நிறுத்துவோர் பலர். அவ்வடிகட்டி அழகியது, அதன் வழியே காற்று உறிஞ்சப்படும் ஒலியும் பெரிது. ஆனால் அது நிற்பது எஞ்சினின் பக்கத்தில், பானெட்டின் கீழ், வெந்த காற்றின் நடுவில். காற்று 30 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடேறுமாயின், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்பது பங்கு குறையும். அடர்த்தி குறைந்த காற்றில் எரிபொருளை எரிக்கும் பிராணவாயுவும் குறையும், ஆற்றலும் குறையும். கம்பெனியார் வைத்த அழகற்ற கறுப்புப் பெட்டியோ வெப்பத்தைத் தடுத்து வெளிக்காற்றைக் கொணர்வது. வண்டி மெதுவாகிறது, ஓசை மிகுகிறது, ஓட்டுபவர் விரைவு மிகுந்தது என்று எழுதுகிறார். உருளைமேல் வண்டியை ஓட்டி ஆற்றலை அளக்கும் கருவி மேனாடுகளிற் பட்டறைதோறும் உண்டு. ஒரு பிற்பகலும் சிறிது பணமும் போதும். எனினும் தம் முதுகின்மேல் வண்டி தள்ளிய உணர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டார் மிகப் பலர். மிகைபடக் கூறலை நன்னூலார் நூற்குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். வேண்டுமென்று மிகைப்படுத்துவாரை அதனாற் கடியலாம். தம் செவி மயக்கியதை அறியாது மிகைப்படுத்துவாரை எதனாற் கடிவது?

இவ்விடத்தில் எதிர்வாதி எழுந்து, "நீ கணக்கைக் கண்டாய், களிப்பைக் கண்டிலை" எனக் கூறுவார். அவர் கூற்றில் உண்மையுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனரும் கையுமாய்த் தன் வண்டியின் கீழ்ப் படுத்து, துருப்பிடித்த போல்ட் ஒன்றைத் தளர்த்தி, கைவிரலைக் காயப்படுத்திக்கொண்டு, மாலையில் எல்லாவற்றையும் முடித்துக் கைகழுவி நிற்பவன் பெறும் நிறைவு, காசுகொடுத்துப் பெறலாகாதது. தன் வண்டியைத் தன் கையால் தொட்டறிந்தவன், தொடாதவனைக் காட்டிலும் அதனை நன்கு ஓட்டுவான் என்றும் நம்புகிறேன். அக்களிப்பை எழுதுக, விரிவாக எழுதுக, யானும் படித்து மகிழ்வேன். ஆனால் அதனைக் 'கைவேலையால் யான் பெற்ற களிப்பு' என்று எழுதுக. 'இந்த உறுப்பின் தரம்' என்று எழுதற்க. ஏனெனில், முன்னதைப் படிப்பவன் உம்மோடு மகிழ்வான். பின்னதைப் படிப்பவன் கடைக்குச் சென்று பணத்தைக் கொட்டுவான். அவன் பெரும்பாலும் இளைஞன். பழைய வண்டியொன்றைக் கடனுக்கு வாங்கியவன். ரப்பர் உறைக்கும் புஷ்ஷுக்கும் செலவிட வேண்டிய சிறுதொகையை விடுத்து, குறுந்தண்டுக்குப் பன்மடங்கு கொடுப்பவன்.

யான் துணையுறுப்பு அனைத்தையும் பகைப்பவன் அல்லேன். திறந்த வண்டியில் விரைந்து செல்லும்போது காற்று முன்கண்ணாடியின் மேலேறிப் பின்னே சுழன்று பிடரியில் வந்து மோதும். இருக்கைகளின் பின்னே ஒரு தெளிந்த பலகையை நிறுத்தினால் அச்சுழற்சி தடைப்படும். பொருள் எளிது; எடை சிறிது; எளிதிற் கழற்றலாம்; ஒருநாள் வைத்தும் ஒருநாள் வையாதும் ஓட்டி, பயனுண்டா என யாரும் அறியலாம். கழுத்துக்குத் தெரியாத பயன் இல்லை. முதற் பதிப்பு வண்டியின் துணிக்கூரையிற் பின்சாளரம் ஒளிபுகும் பிளாஸ்டிக்காலானது. அஃது ஆண்டு பல செல்ல மங்கிப் பின்வருவது தெரியாமற் போகும். கண்ணாடிச் சாளரம் வைத்த கூரையை இடுதல் தக்கதே. இரண்டாம் பதிப்பில் கம்பெனியாரே அவ்வாறு செய்தனர். கூரையை மாற்றுபவர், இருக்கைக்குப் பின்னே இரு மூலையிலும் உள்ள நீர்வடி துளைகளைத் தூய்மை செய்துவிடுதல் வேண்டும். அவை இலைதழையால் அடைபட்டால் மழைநீர் வழியின்றித் தேங்கி, கதவின் கீழுள்ள எஃகை உள்ளிருந்தே துரு தின்னும். கூரையின் நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவோர் இத்துளைகளைப் பற்றி ஒருவரி எழுதின் எத்துணை வண்டிகள் பிழைக்கும்!

இதுகாறும் கூறியன பணத்தையும் உடற்சோர்வையும் பற்றியன. உயிரைப் பற்றியதும் ஒன்றுண்டு.

அமெரிக்காவில் விற்ற முதல் வண்டிகளிலேயே, மோதுங்கால் விரிந்து ஓட்டுபவரின் முகத்தையும் மார்பையும் காக்கும் காற்றுப்பை ஸ்டீயரிங் சக்கரத்தின் நடுவில் இருந்தது. அச்சக்கரம் பருத்தது, அழகிற் குறைந்தது. அதனைக் கழற்றிவிட்டு மரத்தாலோ தோலாலோ ஆன மெல்லிய சக்கரத்தைப் பூட்டுகின்றனர். அதன் மதிப்புரைகளில் மரத்தின் நிறமும் தோலின் தையலும் பேசப்படும். காப்பு ஒன்று கழன்றது என்பது பேசப்பட்டாலும் ஈற்றில், சிறுகுறிப்பாகவே பேசப்படும். அறிந்து செய்பவன் செய்க. அவன் உயிர் அவனுடையது. ஆனால் அவ்வண்டி நாளை கைமாறும். வாங்குபவனோ, அவன் மனைவியோ அதனை ஓட்டுவர்.

இதனினும் கொடியது ஒன்று. திறந்த வண்டி கவிழ்ந்தால் தலையைக் காத்தற்கென இருக்கையின் பின்னே எஃகு வளைவொன்றை நிறுத்துவர். அதனை ரோல் பார் என்பர். கனத்த குழாயால் வளைத்து, தாங்குதகடுகள் வைத்து, வண்டியின் உடலோடு இறுகப் பிணைக்கப்படுவது அது. ஓட்டப்பந்தயக் களத்தில் புகுமுன் அமெரிக்கச் சங்கத்தார் அதனைச் சோதிக்கும் முறை மிக எளிது. நீண்ட துடைப்பக்கழி ஒன்றை எடுத்து, ஒருமுனை வளைவின் உச்சியிலும் மறுமுனை முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலும் படும்படி வைப்பர். தலைக்கவசம் அணிந்து அமர்ந்தவரின் தலை அக்கழிக்குக் கீழே இருத்தல் வேண்டும். கழியைத் தலை தொட்டால், கவிழ்ந்தபோது நிலத்தைத் தொடுவதும் அத்தலையே. ஒரு துடைப்பக்கழி கூறும் உண்மையைக் கூறாத மதிப்புரைகள் எத்துணையோ உள.

இவ்வளைவைப் போன்றே தோன்றும் மற்றொரு பொருளும் விற்கப்படுகிறது. பளபளப்பான மெல்லிய குழாய். இரு தலைகளுக்குப் பின் இரு வளையம். சில போல்ட்டுகளால் நிறுத்தப்படுவது. இதனை ஸ்டைல் பார் என்பர். அழகுவளைவு என நாம் கூறலாம். அழகுக்கென்றே செய்யப்பட்ட அது கவிழ்ந்த வண்டியைத் தாங்காது. விற்பவருள் நேர்மையுடையார் அதனை வெளிப்படக் கூறுவர். மதிப்புரை எழுதுபவரோ, "பூட்டியபின் மனத்திற்கு ஒரு தெம்பு" என்று எழுதிவிடுகிறார். அத்தெம்பு யாது? பின்னே ஒன்று நிற்கிறது, நம்மைக் காக்கும் என்னும் மயக்கமே. ஒன்றும் இல்லாதவன் ஒன்றும் இல்லை என்றறிந்து வளைவில் மெல்லச் செல்வான். அழகுவளைவுடையவன் விரைவான். உண்மையான ரோல் பாரிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தலைக்கவசமின்றி அன்றாடம் ஓட்டுபவரின் தலை, பின்னிருந்து மோதப்படுங்கால், அவ்வெஃகிலேயே சென்று அடிபடக்கூடும். கெட்டியான மெத்தைப்பட்டை அதன்மேற் சுற்றப்படவேண்டும். இதனையும் எழுதினார் மிகச் சிலர்.

இங்கே அரசுகளைப் பற்றியும் ஒருசொல். ஜெர்மனியில் இத்தகைய மாற்றங்களுக்குத் தேர்ச்சியாளர் சான்று வேண்டும். சான்றின்றிப் பூட்டிய வண்டி சாலைக்குரிமை இழக்கும். ஜப்பானிலோ காலந்தோறும் நடைபெறும் வண்டிச் சோதனையில், அடிப்பாகம் நிலத்தினின்றும் 9 சென்டிமீட்டர் உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இத்தகைய சோதனையே இல்லை. சோதிப்பார் இல்லாத நாட்டில் மதிப்புரை எழுதுபவரே சோதிப்பவராகிறார். அவர் தாம் ஏற்ற பதவியை அறியாது சாற்றுகவி பாடிக்கொண்டிருத்தல் தகுமோ?

எங்ஙனம் எழுதுதல் வேண்டும் என வினவுவார்க்கு என் விடை நீண்டதன்று. முன்பிருந்த உறுப்பு எத்தனை ஆண்டுப் பழையது, அதன் நிலை யாது எனக் கூறுக. அன்று உடன்மாற்றிய ஏனையவற்றை மறையாது கூறுக. பொருளை விலைக்கு வாங்கினீரா, விற்பவர் இலவசமாக ஈந்தாரா என்பதும் படிப்போர் அறியவேண்டுவதே. ஆறு திங்கள் கழித்து எழுதுக. அதற்குள் ஒரு மழைக்காலமேனும் வந்து சென்றிருக்கும். இவையனைத்தினும் சிறந்தது, பூட்டியதைக் கழற்றிப் பழையதை மீளப் பூட்டி ஓட்டிப் பார்த்தல். இதனைச் செய்தவர் எழுதிய மதிப்புரை யான் படித்தவற்றுள் ஒன்றிரண்டே. அவையோ மிக இனியவை. "எனக்கு வேறுபாடு தெரியவில்லை" என்னும் அரிய வாக்கியத்தை அவற்றிலேதான் கண்டேன்.

கம்பெனியாரே பழையதன்பால் திரும்பியதும் ஈண்டுக் கருதத்தக்கது. 2015இல் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது அவர்கள் ஒவ்வொரு கிராமாக எடையைக் குறைக்க முயன்றனர். சக்கரத்தைப் பிணைக்கும் ஐந்து போல்ட்டுகளை நான்காக்கினர். ஜப்பானில் அதன் எளிய வகை 990 கிலோவில் நின்றது. 2017இல் முதற் பதிப்பு வண்டிகளைப் புதுக்கித் தரும் தொண்டை அறிவித்தனர். அதன்பொருட்டுப் பழைய துணிக்கூரை, பழைய மரச் சக்கரம், பழைய கியர்க்குமிழ், 14 அங்குலப் பழைய டயர் ஆகியவற்றை மீண்டும் செய்வித்தனர். முப்பது ஆண்டுகளாக முதல்வாரத்திலேயே பலர் கழற்றி எறிந்த பொருள்களே இவை.

எறியாது வைத்திருப்போரும் உளர். வண்டிக் கொட்டிலின் மூலையில், செய்தித்தாளிற் சுற்றி, பழைய ஸ்பிரிங் நான்கு பலரிடம் இன்னும் கிடக்கும். அவர்களுள் ஒருவரேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் துடைத்தெடுத்து, தாம் பின்னர்ப் பூட்டிய புதிய ஷாக் அப்சார்பர்களோடும் புதிய புஷ்களோடும் சேர்த்து மீளப் பூட்டி, சக்கரக் கோணத்தை மறுபடியும் நேர்செய்து, தமக்கு நன்கு பழகிய சாலையொன்றிற் சென்று வந்து, கண்டதை எழுதுவாராக. அம்மதிப்புரையைப் படிக்க யான் காத்திருக்கிறேன்.